கழுகுக்குக் கிண்ணம் நீட்டிய தேவி



திரையில் நீங்கள் பார்க்கும் படம் 1796 ஜூன் 11ஆம் தேதி பிலடெல்பியாவில் வெளியானது. செப்புத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்சடித்த படம். வரைந்தவர், செதுக்கியவர், வெளியிட்டவர், விற்றவர் எல்லாம் ஒருவரே. அவர் எட்வர்ட் சேவேஜ் என்ற அமெரிக்க ஓவியர். படத்துக்கு அவர் வைத்த பெயர் நீளமானது. ‘இளமைத் தேவியின் வடிவில் சுதந்திரம், வெண்தலைக் கழுகுக்கு ஆதரவளிக்கிறது’ என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வெள்ளை உடை காற்றில் அலைய ஓர் இளம்பெண் நிற்கிறாள். ஒரு கையில் பூச்சரம். இன்னொரு கையை உயர்த்திக் கிண்ணத்தை நீட்டுகிறாள். வானத்திலிருந்து சிறகை விரித்து இறங்கும் கழுகு அந்தக் கிண்ணத்தில் அலகு வைத்துக் குடிக்கிறது. மேலே மேகங்களுக்கு நடுவே அமெரிக்கக் கொடி, அந்தக் கொடிக் கம்பத்தின் உச்சியில் மென்மையான துணித் தொப்பி ஒன்று. கீழே தூரத்தில் தெரிவது பாஸ்டன் துறைமுகம். அங்கே மின்னல் வெட்டுகிறது, பிரிட்டிஷ் கப்பல்கள் வெளியேறுகின்றன. 1776 மார்ச்சில் பிரிட்டிஷ் படை பாஸ்டனை விட்டுப் போனதை அது குறிக்கிறது.

அவள் காலடிக்கு வாருங்கள். சங்கிலி, செங்கோல், அரசர்கள் பிரபுக்களுக்குத் தரும் விருதுச் சின்னம், கூடவே ஒரு பெரிய சாவி. அந்தச் சாவி பாரிஸின் பாஸ்டில் சிறைச்சாலையுடையது. சிறை வீழ்ந்த மறு ஆண்டு, 1790இல், பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் அதன் சாவி ஒன்றை எழுத்தாளர் தாமஸ் பெயின் மூலமாக ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தார். வாஷிங்டன் அதைத் தம் வீட்டில் வந்தவர் கண்ணில் படும்படி மாட்டிவைத்தார். இன்றும் மவுண்ட் வெர்னான் வீட்டின் கூடத்தில் அது இருக்கிறது. சேவேஜ் வாஷிங்டனை நேரில் அமரவைத்து வரைந்தவர். சாவியை அவர் இந்தப் படத்துக்குள் கொண்டுவந்ததில் வியப்பில்லை.

இன்றைய பேச்சு முழுவதும் கம்பத்தின் உச்சியிலுள்ள அந்தத் தொப்பியைப் பிடித்துக்கொண்டே போகும். ஒரு புதிய நாடு தனக்கென்று ஒரு முகம் தேடியபோது யாரைப் படத்துக்குள் அழைத்தது, யாரை வெளியே நிறுத்தியது என்ற கணக்கு அந்தத் தொப்பியில் இருக்கிறது.

உருவகப் படத்தைப் படிப்பது நமக்குக் கடினமான வித்தையல்ல. கையில் வேல் இருந்தால் முருகன், வீணை இருந்தால் கலைமகள். முகத்தைப் பார்த்து நாம் தெய்வத்தை அடையாளம் காண்பதில்லை, கையிலிருப்பதைப் பார்த்துத்தான் காண்கிறோம். ஐரோப்பாவின் உருவகப் படங்களும் அப்படித்தான் இயங்கின. அதற்கென்று அகராதிகளே உண்டு. அவற்றில் பெயர் பெற்றது இத்தாலியரான சேசரே ரிப்பாவின் ‘இகோனொலோஜியா’. 1593இல் வெளியான அந்த நூல், 1603 பதிப்பில் படங்களோடு வந்தது. நீதி எப்படி இருப்பாள், பொறாமை எப்படி இருக்கும், ஐரோப்பா என்ன உடுத்தியிருப்பாள், அமெரிக்கா என்ன அணிந்திருப்பாள் என்றெல்லாம் அது பட்டியல் போட்டது. சுதந்திரத்துக்கு அது வகுத்த உருவம்: வெள்ளை உடுத்திய பெண், ஒரு கையில் செங்கோல், மறு கையில் தொப்பி, காலடியில் ஒரு பூனை. யாருக்கும் கட்டுப்படாத பிராணி என்பதால் பூனை. அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் பூனை மெல்ல மறைந்துவிட்டது. தொப்பி தங்கிவிட்டது.

ஏன் தொப்பி? பண்டைய ரோமில் ஓர் அடிமைக்கு விடுதலை தரும்போது அவன் தலையில் பிலேயஸ் என்ற கம்பளித் தொப்பியை வைப்பார்கள். விடுதலையானவன் என்பதற்கு அதுவே அடையாளம். ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸ் அதன்பின் வெளியிட்ட நாணயத்தில் இரண்டு குத்துவாள்களுக்கு நடுவே இந்தத் தொப்பியைப் பதித்தான். சர்வாதிகாரியிடமிருந்து ரோமை விடுவித்தோம் என்பது அதன் பொருள். அடிமையின் தொப்பி அன்றே அரசியல் சின்னமாகிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில், முனை முன்பக்கம் வளைந்த ஃபிரிஜியத் தொப்பியோடு இதைப் போட்டுக் குழப்பி, இரண்டையும் ஒன்றாகவே வரைந்தார்கள்.

அந்த நூற்றாண்டின் நடுவில் ஹெர்குலேனியமும் பாம்பேயியும் தோண்டப்பட்டதால் பழைய ரோம் மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்தது. ஓவியம், கட்டடம், நாற்காலி, தலை அலங்காரம் எல்லாவற்றிலும் கிரேக்க ரோமானிய வடிவம் பரவியது. அதைத்தான் நவசெவ்வியல் என்கிறோம். மற்ற நாடுகளுக்கு அது பெரும்பாலும் ரசனையாக இருந்தது. அமெரிக்காவுக்கு அவசரத் தேவையாகவும் இருந்தது. அரசன் இருக்கும் நாட்டில் நாட்டின் முகம் அரசனின் முகம்தான். நாணயத்தில் அவன் தலை, அரசாங்கச் சுவரில் அவன் படம். அரசனைத் துரத்திவிட்ட நாடு எதை மாட்டும்? 1792இல் நாணயச் சட்டம் வந்தபோது இந்தக் கேள்வி நேராகவே எழுந்தது. காசில் குடியரசுத் தலைவரின் முகத்தைப் பதிக்கலாம் என்று செனட் சபை சொன்னது. அது மன்னராட்சியின் வாடை என்று கீழவை மறுத்தது. கடைசியில் சுதந்திரத்தைக் குறிக்கும் உருவம் ஒன்று என்று சட்டமானது. வாஷிங்டன் உயிரோடு, பதவியில் இருக்கும்போதே அவர் முகத்தைக் காசில் வேண்டாம் என்று முடிவெடுத்த அந்த அவையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அந்த முடிவின் விளைவாக, ஒரு பெண்ணுருவம் நாட்டின் முகமாக வேண்டியதாயிற்று. அவள் எந்த இனத்துப் பெண், எந்த நிறம், என்ன உடை என்ற கேள்விகளும் அவளோடு சேர்ந்தே வந்தன.

அதற்கு முன்பு அமெரிக்காவின் முகம் எது தெரியுமா? பழங்குடிப் பெண். ரிப்பாவின் அகராதியிலேயே அமெரிக்கா என்ற கண்டம் இறகுக் கிரீடம் வைத்து, வில்லும் அம்பும் தாங்கிய பெண்தான். இருநூறு ஆண்டுகள் ஐரோப்பிய வரைபடங்களின் மூலைகளில் அவள் அமர்ந்திருந்தாள். குடியேற்றங்கள் லண்டனோடு மோதத் தொடங்கியபோது, கேலிப்பட ஓவியர்களும் அவளையே எடுத்துக்கொண்டார்கள். 1774இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த ஒரு படத்தைச் சொல்கிறேன். அரைகுறை ஆடையோடு அமெரிக்கா தரையில் கிடக்கிறாள். பிரதமர் நார்த் பிரபு தேநீர்ச் செம்பின் மூக்கை அவள் வாயில் திணித்து ஊற்றுகிறார். பாஸ்டன் துறைமுகத்தை மூடும் சட்டத்தின் தாள் அவர் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்க்கிறது. நீதிபதி உடையிலிருக்கும் ஒருவர் அவள் கைகளைப் பிடித்திருக்கிறார், இன்னொரு பிரபு கால்களைப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் பிரிட்டனின் உருவகமான பிரிட்டானியா முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்கிறாள். அமெரிக்காவோ குடித்த தேநீரை நார்த் பிரபுவின் முகத்திலேயே துப்புகிறாள். அதே ஆண்டு ஜூனில் பாஸ்டனின் வெள்ளிக் கைவினைஞரும் செதுக்குநருமான பால் ரெவியர் அந்தப் படத்தை அப்படியே செப்பில் நகலெடுத்து, அங்கிருந்த மாத இதழ் ஒன்றில் வெளியிட்டார்.

அந்தப் படத்தின் முரணை யோசித்துப் பாருங்கள். தேயிலை வரியால் கொதித்தவர்கள் ஆங்கிலேயக் குடியேறிகள். படத்தில் துன்புறும் உடலோ பழங்குடிப் பெண்ணின் உடல். யாருடைய நிலத்தை வாங்கியும் பிடுங்கியும் குடியேறினார்களோ, அவளுடைய உருவத்திலேயே தங்கள் வேதனையை வரைந்துகொண்டார்கள். அடிபடும் நிலையில் இருக்கும்வரை அந்த உருவம் வசதியாக இருந்தது. வென்று, நாடாகி, மற்ற நாடுகளின் வரிசையில் உட்கார வேண்டிய நேரம் வந்ததும் உருவம் மாறத் தொடங்கியது. இறகுக் கிரீடம் ஓரிரண்டு இறகாகச் சுருங்கியது. தோல் வெளுத்தது. இடுப்பாடை கிரேக்க மங்கையின் நீண்ட அங்கியாயிற்று. மொகாசின் பாதணி போய் ரோமானியச் செருப்பு வந்தது. இது ஒரே நாளில் நடந்ததல்ல. இரண்டு உருவங்களும் பல ஆண்டுகள் பக்கம் பக்கமாக உலவின. ஆனால் திசை தெளிவாக இருந்தது. 1783இல் பாரிஸில் பென்ஜமின் ஃபிராங்க்ளின் தூண்டுதலில் அகுஸ்தீன் துப்ரே செதுக்கிய பதக்கத்தில், கூந்தல் பின்னோக்கிப் பறக்கும் ஐரோப்பிய இளம்பெண்ணின் தலை இருக்கிறது. அவளுக்குப் பின்னால் ஒரு கம்பம், கம்பத்தில் தொப்பி. இறகு கிடையாது.

இதே காலத்தில், ஓஹையோ நாட்டுப் பழங்குடிகள் 1794 ஆகஸ்டில் ஃபாலன் டிம்பர்ஸ் என்ற இடத்தில் அமெரிக்கப் படையிடம் தோற்றார்கள். 1795 ஆகஸ்டில் கிரீன்வில் ஒப்பந்தத்தில் இன்றைய ஓஹையோவின் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு விலகினார்கள். பத்து மாதம் கழித்து சேவேஜின் படம் வருகிறது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அந்த வெள்ளை உடையைப் பார்க்க என்னால் முடியவில்லை.

இந்தப் புதிய தேவிக்குக் கொலம்பியா என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. கொலம்பஸின் பெயரிலிருந்து வந்த அந்தச் சொல் முன்பே இருந்தது. அதற்குத் தெய்வ உருக் கொடுத்துக் கவிதையில் நிறுத்தியவர்களில் முதன்மையானவர் ஃபிலிஸ் வீட்லி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஏழு வயதுக் குழந்தையாகக் கடத்திவரப்பட்டு, 1761இல் பாஸ்டனில் விற்கப்பட்டவர். அடிமையாக இருந்தபோதே கவிதை நூல் வெளியிட்டவர். 1775இல் வாஷிங்டனுக்கு அவர் அனுப்பிய கவிதையில் கொலம்பியா தேவியாக எழுகிறாள். மறு ஆண்டு தாமஸ் பெயின் ஆசிரியராயிருந்த பிலடெல்பியா இதழில் அது அச்சானது. வெள்ளை உடுத்திய வெள்ளை நிறத் தேவியைச் சொல்லில் வடித்தவர் அடிமைச் சந்தையில் நின்ற ஒரு கறுப்புப் பெண். அச்சுப்படக் கடைகளில் அந்தத் தேவி மீண்டும் மீண்டும் விற்பனையானாள். வீட்லியோ 1784இல் வறுமையில் இறந்தார்.

இனி சேவேஜின் தொழிலுக்கு வருகிறேன். அவர் 1761இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். 1791இல் லண்டன் போய்ச் சில ஆண்டுகள் இருந்தார். அங்கே அப்போது அச்சுப்படச் சந்தை உச்சத்தில் இருந்தது. பார்த்தலொஸ்ஸி போன்ற செதுக்குநர்கள் புகழாக்கிய புள்ளிச் செதுக்கு முறை எங்கும் பரவியிருந்தது. கோடு கோடாகக் கீறி நிழலைக் கொண்டுவருவது பழைய முறை. புள்ளிச் செதுக்கில் செப்புத் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சைப் பூசி, ஊசியாலும் சிறு பற்சக்கரத்தாலும் ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் குத்துவார்கள். பிறகு அமிலத்தில் இடுவார்கள். புள்ளி இருந்த இடமெல்லாம் குழியாகும். அமிலம் தின்ற குழிகளைச் செதுக்குளியால் மீண்டும் திருத்துவார்கள். பின்னர் மையைத் தடவி, மேற்பரப்பை வழித்துத் துடைத்து, ஈரத் தாளை வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்தால் குழிகளில் தங்கிய மை தாளுக்கு ஏறும். புள்ளி நெருங்கினால் நிழல், விலகினால் ஒளி. கன்னத்தின் வளைவு, மெல்லிய துணிக்குள் தெரியும் தோள் போன்றவற்றுக்கு இதைப் போல் பொருத்தமான முறை வேறில்லை. நவசெவ்வியல் தேவிகளின் பளிங்குத் தோல் பாதி கிரேக்கத்தால் வந்தது, மீதி இந்தப் புள்ளிகளால் வந்தது என்பேன்.

கழுகுக்குக் கிண்ணம் நீட்டும் தேவியும் லண்டன் சரக்குதான். கிரேக்கத் தொன்மத்தில் ஹீபி இளமைத் தேவி, தேவர்களுக்கு அமுதம் பரிமாறுபவள். ஜீயஸின் கழுகுக்கு அவள் பருகக் கொடுப்பதுபோல் இங்கிலாந்துச் சீமாட்டிகள் தங்களை வரைந்துகொள்வது அன்றைய நாகரிகம். ரெனால்ட்ஸ் போன்ற பெரிய ஓவியர்களே அப்படி வரைந்திருக்கிறார்கள். சேவேஜ் அந்தச் சீமாட்டியை அழைத்துவந்து, ஜீயஸின் கழுகை அமெரிக்காவின் வெண்தலைக் கழுகாக்கி, காலடியில் சாவியைப் போட்டு, பின்னால் பாஸ்டனை வைத்தார். இங்கிலாந்தை வென்றதைக் கொண்டாடும் படத்தின் வடிவம் இங்கிலாந்திலிருந்து வந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. புதிதாகப் பிறந்த நாடுகள் எல்லாமே இரவல் உடையில்தான் முதலில் வெளியே வருகின்றன. எதை மாற்றிக்கொண்டார்கள், எதை அப்படியே விட்டார்கள் என்பதில்தான் அவர்கள் மனம் தெரிகிறது.

சேவேஜுக்குச் சந்தையும் நன்றாகத் தெரியும். பிலடெல்பியாவில் கொலம்பியன் காலரி என்ற பெயரில் படக்கூடம் நடத்தினார். 1798இல் அவர் வெளியிட்ட ‘வாஷிங்டன் குடும்பம்’ அச்சுப்படம் நாடெங்கும் விற்றது. ஓராண்டில் குறைந்தது 10,000 டாலர் ஈட்டித்தரும் என்று வாஷிங்டனுக்கே கடிதம் எழுதினார். அந்தப் படத்தில் வாஷிங்டன், மனைவி மார்த்தா, பேரக்குழந்தைகள் இருவர், மேசையில் விரித்த புதிய தலைநகரின் வரைபடம், பக்கத்தில் பூகோள உருண்டை. ஓரத்தில், நிழலோடு நிழலாக, சீருடை அணிந்த ஒரு கறுப்பின அடிமை நிற்கிறார். அவர் பெயர் படத்தில் இல்லை. அந்தக் காலத்து வீடுகளில் எத்தனை சுவர்களில் அவர் அப்படி நின்றிருப்பார்!

இப்போது தொப்பிக்குத் திரும்புகிறேன். சேவேஜின் தேவி வெளியான 1796 ஜூன் 11க்குச் சரியாக மூன்று வாரம் முன்பு, மே 21ஆம் தேதி, அதே பிலடெல்பியாவில், குடியரசுத் தலைவரின் மாளிகையில் வாஷிங்டன் குடும்பத்தார் இரவு உணவு உண்டுகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் மார்த்தா வாஷிங்டனின் பணிப்பெண் ஓனா ஜட்ஜ் வாசல் வழியாக வெளியேறிப் போனார். அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அடிமைப் பெண். மார்த்தாவின் பேத்திக்குத் தாம் திருமணப் பரிசாகத் தரப்படப் போவதை அறிந்திருந்தார். பென்சில்வேனியாவின் 1780ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெளிமாநிலத்தார் கொண்டுவரும் அடிமைகள் ஆறு மாதம் அங்கே தங்கினால் விடுதலை கோரலாம். அதனால் ஆறு மாதம் முடியுமுன் அவர்களை எல்லை கடத்தித் திரும்ப அழைத்துவரும் ஏற்பாட்டை வாஷிங்டன் வைத்திருந்தார். அந்தச் சுழற்சியிலிருந்துதான் ஓனா தப்பினார். நகரத்தின் விடுதலை பெற்ற கறுப்பின நண்பர்கள் உதவினார்கள். கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்தார்.

இரண்டு மூன்று நாளில் பிலடெல்பியா நாளிதழ்களில் விளம்பரம் வந்தது. குடியரசுத் தலைவர் வீட்டிலிருந்து ஓடிய பெண்ணின் நிறம், முகத்துப் புள்ளிகள், கண், உயரம், அவளிடம் உள்ள நல்ல உடைகள் எல்லாம் வரிசையாகச் சொல்லி, பிடித்துத் தருபவர்களுக்கு 10 டாலர் பரிசு என்று போட்டிருந்தார்கள். கீழே மாளிகை மேலாளரின் கையெழுத்து.

நண்பர்களே, இந்த இரண்டு அச்சுத் தாள்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரே நகரம், ஒரு மாதம்கூட இல்லாத இடைவெளி, ஒரே அச்சுத் தொழில். ஒன்றில் கற்பனைப் பெண், சங்கிலியை மிதித்து நிற்கிறாள், விடுதலையான அடிமையின் தொப்பி அவள் தலைக்கு மேலே பறக்கிறது. மற்றொன்றில் உண்மைப் பெண். அவளுக்குத் தொப்பி போட யாரும் இல்லை, தானே எடுத்துக்கொண்டாள். அவள் தலைக்கு விலை. 1790 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 39 லட்சம் மக்கள், அவர்களில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். அந்த நாட்டில் இந்தத் தொப்பியை வரைந்த ஓவியர்களிலும், வாங்கி மாட்டிய வீட்டாரிலும் பலர் அதன் ரோமானியப் பொருளை அறிந்தவர்கள்.  எல்லாரும் தெரியாமல் செய்தார்கள் என்று சொல்ல வழியில்லை. பிரிட்டனுக்குத் தாங்கள் அடிமைகளாக இருந்தோம் என்று சொல்லிக்கொள்ள அந்தத் தொப்பி அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்தச் சொல்லைத் தங்களுக்கே எடுத்துக்கொண்டபின், உண்மையான அடிமைக்கு அது இல்லாமல் போயிற்று.

ஓனா ஜட்ஜ் திரும்பவே இல்லை. வாஷிங்டன் ஆளனுப்பி அழைத்தும் மறுத்துவிட்டார். திருமணம் செய்தார், குழந்தைகள் பெற்றார், வறுமையில் வாழ்ந்தார். 1840களில் அடிமை எதிர்ப்புப் பத்திரிகைகளுக்குத் தம் கதையைத் தாமே சொன்னார். 1848இல் இறக்கும்போதும் சட்டத்தின் கண்ணில் அவர் அடிமைதான்.

அந்தத் தொப்பிக்கு உரியவர் தலையில் அது ஒருபோதும் வரையப்படவில்லையா என்று கேட்கலாம். பாரிஸில் வரைந்தார்கள். பிரெஞ்சுக் குடியரசு 1792இல் தன் முத்திரையில் தொப்பியும் ஈட்டியும் ஏந்திய பெண்ணை வைத்தது. சிற்பி பொவாஸோ வரைய, தார்சிஸ் புள்ளிச் செதுக்கில் வெளியிட்ட அச்சுப்படம் ஒன்றில் ஒரு கறுப்பு ஆண் அந்தத் தொப்பியோடு இருக்கிறான். ‘நானும் சுதந்திரன்’ என்பது படத்தின் அடியிலுள்ள வாசகம். அதற்கு இணையாக ஒரு கறுப்புப் பெண்ணின் படமும் உண்டு. 1794 பிப்ரவரியில் பிரெஞ்சுக் குடியரசு அடிமை முறையை ஒழித்தது, 1802இல் நெப்போலியன் அதைத் திருப்பிக் கொண்டுவந்தான். எட்டு ஆண்டுதான். ஆனாலும் அந்தப் படம் இருக்கிறது. அதே புள்ளிகள், அதே செப்பு, அதே தொப்பி. வேறு விதமாக வரைந்திருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

அச்சுப்படத்தின் இன்னொரு குணத்தையும் சொல்லாமல் விட முடியாது. அது ஓரிடத்தில் நிற்காது. சேவேஜின் தேவியை அமெரிக்கப் பள்ளிச் சிறுமிகள் பட்டுத் துணியில் ஊசி வேலையாக நகலெடுத்தார்கள். 1784இல் ‘எம்பிரஸ் ஆஃப் சைனா’ என்ற கப்பல் போய்த் திறந்த வணிகப் பாதையில், அந்த அச்சுப்படம் சீனத்தின் காண்டன் துறைமுகத்துக்கும் போயிற்று. அங்கிருந்த ஓவியர்கள் அதைக் கண்ணாடியின் பின்பக்கத்தில் வண்ணத்தில் வரைந்தார்கள். கண்ணாடி ஓவியத்தில் வேலை தலைகீழ். தாளில் கடைசியாக வைக்கும் கண்ணின் ஒளியையும் உதட்டின் சிவப்பையும் முதலில் வைக்க வேண்டும். பின்னணி வானம் கடைசியில்தான் வரும். ஒரு தீற்றல் தவறினால் திருத்த முடியாது. பாஸ்டனையே கண்டிராத கைகள் பாஸ்டன் துறைமுகத்தை வரைந்து அமெரிக்க வீடுகளுக்கு அனுப்பின. இந்தச் சரக்கு எவ்வளவு பெருகியது என்றால், தாம் வரைந்த வாஷிங்டன் உருவத்தின் நூறு சீனக் கண்ணாடி நகல்களைக் கொண்டுவந்த கப்பல் தலைவர் மீது 1802இல் ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட் பிலடெல்பியாவில் வழக்குத் தொடுத்துத் தடை வாங்கினார்.

தோற்ற நாடும் பின்தங்கவில்லை. விடுதலைப் போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்தின் துணி அச்சாலைகள் வாஷிங்டனையும் ஃபிராங்க்ளினையும் தேவர் நிலைக்கு உயர்த்தும் படங்களைப் பருத்தித் துணியில் செப்புத் தகட்டால் அச்சடித்து அமெரிக்காவுக்கு விற்றன. அவற்றில் ஒன்றில் வாஷிங்டன் சிறுத்தைகள் இழுக்கும் தேரில் போகிறார். கட்டில் திரைச்சீலைக்கான துணி அது. லிவர்பூல் மண்பாண்டத் தொழிலாளர்கள் அமெரிக்கக் கழுகையும் தேவியையும் ஜாடிகளில் ஒட்டி அனுப்பினார்கள். எதிரி நாட்டு வீரனின் புகழைப் பாட அவர்களுக்குத் தடையேதும் இருக்கவில்லை. நாட்டுப்பற்று என்று நாம் பெருமையோடு பேசும் உணர்வின் கைப்பொருள்கள் கடல் கடந்து, கூலி கொடுத்துச் செய்யப்பட்டவை. அந்தக் கைகளின் உழைப்பையும் நாட்டின் முகத்தோடு சேர்த்துத்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாஷிங்டன் 1799 டிசம்பரில் இறந்தார். அயர்லாந்திலிருந்து வந்து பிலடெல்பியாவில் தங்கிய ஜான் ஜேம்ஸ் பாரலே என்ற ஓவியர் 1802இல் பெரிய அச்சுப்படம் ஒன்றை வெளியிட்டார். காலத் தேவன் வாஷிங்டனைக் கல்லறையிலிருந்து கைத்தாங்கலாகத் தூக்குகிறான். மேலிருந்து ஒளிக்கற்றை. கல்லறையின் அடியில் சுதந்திர தேவி தொப்பிக் கம்பத்தோடு துக்கத்தில் இருக்கிறாள். பழங்குடி ஒருவர் தலை கவிழ்ந்து அழுதுகொண்டிருக்கிறார். நாட்டின் முகமாக இருந்த பழங்குடி உருவத்துக்கு இப்போது கிடைத்த இடம் கல்லறைப் படியில், அழுவதற்கு. இந்தப் படமும் லிவர்பூல் ஜாடிகளுக்கும் காண்டன் கண்ணாடிகளுக்கும் போயிற்று. பிரிட்டனோடு நடந்த 1812 போருக்குப் பிறகு இதே பாரலே வரைந்து பென்ஜமின் டேனர் செதுக்கிய ‘அறிவு வழிகாட்டும் அமெரிக்கா’ படத்தில் மினர்வா, மெர்க்குரி, சீரிஸ் என்று ரோமானியத் தெய்வங்கள் கூட்டமாக வந்து நிற்கிறார்கள். கப்பல்கள், தேன்கூடு, நூற்கும் பெண், வாஷிங்டனின் குதிரைச் சிலை எல்லாம் உண்டு. தேர்ந்த வேலைதான். எனக்கு அது கொஞ்சம் களைப்பூட்டுகிறது. சேவேஜின் படத்திலிருந்த துடிப்பு அதில் இல்லை, கணக்குப் புத்தகத்தின் திருப்தி இருக்கிறது.

தொப்பியின் கதை ஒரு சிலையில் போய் முட்டியது. 1850களில் வாஷிங்டன் நகரத்தின் நாடாளுமன்றக் கட்டடக் குவிமாடத்துக்குச் சுதந்திர தேவி சிலை செய்யச் சிற்பி தாமஸ் க்ராஃபோர்டை அமர்த்தினார்கள். அச்சுப்படங்கள் அரை நூற்றாண்டாகப் பழக்கியிருந்த அதே தொப்பியை அவரும் அவள் தலையில் வைத்தார். கட்டட வேலையை மேற்பார்த்த போர்த்துறைச் செயலாளர் ஜெஃபர்சன் டேவிஸ் மறுத்தார். அது விடுதலையான அடிமையின் சின்னம், சுதந்திரமாகவே பிறந்த மக்களுக்குப் பொருந்தாது என்பது அவர் வாதம். மிசிசிப்பியின் அடிமை உடைமையாளர் அவர். பின்னாளில் தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைவரானவர். நாடே அரைமனத்தோடு மறந்திருந்த பொருளை அவர்தான் சரியாகப் படித்தார். க்ராஃபோர்ட் தொப்பியை எடுத்துவிட்டுத் தலைக்கவசம் வைத்தார். கவசத்தின் மேல் கழுகின் தலையும் இறகுகளும். இறகுகள் பழங்குடியினர் அணியிலிருந்து எடுத்தவை என்று சிற்பியே சொன்னார். விரட்டப்பட்டவர்களின் இறகு அலங்காரமாகத் திரும்பி வந்தது, அடிமையின் தொப்பி வெளியே போயிற்று. அந்தச் சிலையை வெண்கலத்தில் வார்க்கும் பட்டறையில் முக்கியமான வேலையைச் செய்தவர் ஃபிலிப் ரீட் என்ற அடிமை. 1862 ஏப்ரலில் தலைநகரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது அவர் விடுதலையானார். 1863 டிசம்பரில் சிலை குவிமாடத்தில் ஏறியபோது அவர் சுதந்திர மனிதர்.

1865இல் ஆபிரகாம் லிங்கன் சுட்டுக்கொல்லப்பட்டதும் பிலடெல்பியாவில் கல்லச்சுப் படம் ஒன்று வெளிவந்தது. உற்றுப் பார்த்தால் அது பாரலேயின் வாஷிங்டன் படம்தான். அதே கல்லறை, அதே காலத் தேவன், அதே ஒளிக்கற்றை. வாஷிங்டனின் தலை இருந்த இடத்தில் லிங்கனின் தாடி வைத்த தலை. கல்லறைப் படியில் சுதந்திர தேவி கம்பத்தோடு இருக்கிறாள், பழங்குடி இன்னமும் அழுதுகொண்டிருக்கிறார். லிங்கன் கையெழுத்திட்டு விடுதலை தந்த லட்சக்கணக்கானவர்களில் ஒருவருக்குக்கூட அந்தப் படியில் இடம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை. கல்லில் புதிதாக ஒரு தலை வரையத் தெரிந்தவருக்கு இரண்டு தலை வரைவது கடினமல்ல.